மலைநாட்டு இசையும் மறக்கப்பட்ட ஆசான்களும்

அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களில் பாஞ்சோ என்னும் தந்திக் கருவியின் துடிப்பான ஒலியை நம்மில் பலர் கேட்டிருக்கலாம். அதனுடன் பிடில், மேண்டலின், கித்தார் ஆகியவை சேர்ந்து விரைந்து ஒலிக்கும் இசைக்குப் ‘புளூகிராஸ்’ என்று பெயர். இது வெள்ளையரான மலைநாட்டு மக்களின் இசை என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டு வந்தது. அவ்வெண்ணம் பாதி உண்மையே. மற்றப் பாதியை இன்று காண்போம்.

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் நீண்டு கிடப்பது அப்பலாச்சிய மலைத்தொடர். 18-ஆம் நூற்றாண்டில் அங்குக் குடியேறிய ஸ்காத்லாந்து, அயர்லாந்து, இங்கிலாந்து மக்கள் தங்கள் பழம்பாடல்களையும் பிடிலையும் கொண்டுவந்தனர். பாஞ்சோ வந்த வழியோ வேறு. மேற்கு ஆப்பிரிக்காவில் சுரைக்குடுக்கையின்மேல் தோலைப் போர்த்து, கழியைச் செருகித் தந்தி கட்டிய கருவிகள் இருந்தன. அடிமைகளாக விற்கப்பட்ட மக்கள் அக்கலையை நினைவில் சுமந்து வந்து, புதிய மண்ணில் அக்கருவியை மீண்டும் செய்துகொண்டனர். பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன், 1780களில் வெளிவந்த தம் நூலில், இக்கருவி அவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்தது என்றே குறித்துள்ளார்.

1927-ஆம் ஆண்டில் ரால்ப் பியர் என்பவர் டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களின் எல்லையிலுள்ள பிரிஸ்டல் நகரில் மலைநாட்டுப் பாடகர்களின் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அங்குப் பாடிய கார்ட்டர் குடும்பத்தார் விரைவில் நாடறிந்த கலைஞராயினர். மேலும் பாடல்களைத் திரட்ட ஏ. பி. கார்ட்டர் ஊர் ஊராகச் சென்றபோது, லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர் உடன் சென்றார். விபத்தில் ஒரு காலை இழந்தவர் அவர். கார்ட்டர் சொற்களை எழுதிக்கொள்வார். ரிடில் மெட்டை மனத்தில் பதித்துக்கொள்வார். ஆனால் இசைத்தட்டுகளால் பரவிய பெயர் கார்ட்டருடையது மட்டுமே.

இதற்குக் காரணம் என்ன? அக்கால நிறுவனங்கள் கறுப்பர் இசைத்தட்டுகளையும் வெள்ளையர் இசைத்தட்டுகளையும் தனித்தனிப் பட்டியலிட்டு விற்றன. கறுப்பரிடம் ‘புளூஸ்’ பாடல்களையே பெரிதும் எதிர்பார்த்தன. பிடிலும் பாஞ்சோவும் வாசித்த கறுப்பினக் குழுக்களுள் மிகச் சிலவே பதிவு பெற்றன. ஊரில் கலந்து ஒலித்த இசை, கடையில் இரண்டாகப் பிரிந்தது.

புளூகிராஸ் இசையின் தந்தை எனப்படும் பில் மன்றோ, 1911-இல் கெண்டக்கி மாநிலத்தில் பிறந்தார். பிடிலும் கித்தாரும் அண்ணன்மாருக்குப் போக, இளையவரான அவருக்கு மேண்டலினே மிஞ்சியது. இளமையிலேயே பெற்றோரை இழந்த அவர், பிடில் வாசிப்பவரான தம் தாய்மாமனிடம் பயின்றார். இன்னோர் ஆசான், ஆர்னல்ட் ஷுல்ட்ஸ் என்னும் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளி. அவர் கித்தாரிலும் பிடிலிலும் வல்லவர். மன்றோ அவருடன் ஊர் நடன நிகழ்ச்சிகளில் வாசித்திருக்கிறார்.

1939-இல் மன்றோவின் ‘புளூகிராஸ் பாய்ஸ்’ குழு, நாஷ்வில் நகரின் ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ வானொலி நிகழ்ச்சியில் சேர்ந்தது. நூற்பாலையில் வேலை செய்திருந்த ஏர்ல் ஸ்கிரக்ஸ் 1945-இல் வந்து, மூன்று விரல்களால் பாஞ்சோவை மீட்டும் முறையால் அக்குழுவுக்குப் புதுவேகம் தந்தார். குழுவின் பெயரே பின்னர் இசையின் பெயராயிற்று. ஷுல்ட்ஸோ 1931-லேயே மறைந்துவிட்டார். அவர் வாசித்த இசைத்தட்டு ஒன்றுகூட இல்லை. எனினும் மன்றோ தம் முதுமையிலும் அவரை நன்றியுடன் குறிப்பிட்டார். ஷுல்ட்ஸின் பெயர் நம்மை எட்ட அந்நன்றியும் உதவியது.

அறுந்த இழை அண்மைக் காலத்தில் மீண்டும் முடியப்பட்டுள்ளது. வட கரோலினாவின் முதிய கறுப்பினப் பிடில் கலைஞர் ஜோ தாம்சனிடம் இளைஞர் சிலர் நேரில் பயின்றனர். 2005-இல் ‘கரோலினா சாக்கலேட் டிராப்ஸ்’ என்ற குழுவை அமைத்த அவர்கள், 2011-இல் கிராமி விருதும் பெற்றனர்.

நேயர்களே! மாணவர் புகழ்பெறுவது ஆசானுக்குப் பெருமையே. ஆனால் ஆசானின் பெயர் அழிந்தால் வரலாறு பொய்யாகிவிடும். நல்ல இசையொன்றைக் கேட்கும்போது, பாடியவர் யார் என்று கேட்பதோடு நில்லாமல், கற்பித்தவர் யார் என்றும் கேட்போமாக.