காந்திக் குல்லாயும் கிள்ளான் சைக்கிளும்

நாம் இந்தியரா, மலாயரா? 1946 ஆகஸ்டில் கோலாலம்பூரில் ஜான் திவி தலைமையில் மலாயா இந்தியர் காங்கிரஸ் பிறந்தபோது இந்தக் கேள்வி எப்படித் திரும்பியது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அதற்கு முந்தைய கிள்ளான் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைத் தாண்ட முடியவில்லை. அதன் தலைவர் ஆர்.எச். நாதனை இரண்டு வரியில் விட்டுவிட எனக்கு மனமில்லை.

நாதன் ‘தமிழ் நேசன்’ துணையாசிரியர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தின் வழியே தோட்டம் தோட்டமாகத் தொழிலாளரைத் திரட்டியவர். போரால் ரப்பருக்குக் கிராக்கி. பால்வெட்டுக்காரன் கூலியோ நாளுக்கு 50 சென். 1941 மார்ச்சில் வேலைநிறுத்தம் தொடங்கியது. சீனருக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு என்றார்கள். முதலாளிகள் 60 சென்னுக்கு இறங்கி வந்தார்கள்.

கூலியோடு கோரிக்கை நிற்கவில்லை. கள்ளுக்கடையை மூடு. எங்கள் பெண்களிடம் முறைகேடாக நடக்கும் வெள்ளைக்காரத் துரையையும் அவர் எழுத்தரான கிராணியையும் அடக்கு. உறவுக்காரர் தோட்டத்துக்குள் வந்துபோக விடு. துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கச் சொல்லாதே.

சைக்கிளைச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. கூலியை முதலாளி கணக்குப் பார்த்து ஏற்றிவிடலாம். தன் முன்னால் இறங்காமல் போகும் தமிழனைப் பொறுத்துக்கொள்ள, அவனும் மனிதன் என்று துரை ஒப்புக்கொண்டாக வேண்டும். தலையில் காந்திக் குல்லாய், கையில் காங்கிரஸ் கொடி. கேட்டதெல்லாம் இந்த மண்ணில் நிமிர்ந்து வாழ. ஊருக்குக் கப்பலேற்று என்ற வரி அந்தப் பட்டியலில் இல்லை.

நாம் யார் என்ற கேள்வி நமக்கு மட்டும் உரியதல்ல. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தபோது ஏறத்தாழ இரண்டரைக் கோடி ரஷ்யர்கள் ரஷ்ய எல்லைக்கு வெளியே நின்றார்கள். ரஷ்யர் என்றால் யார், உலகில் தங்கள் இடம் எது என்று அந்த நாடு இன்றும் வாதாடுகிறது. அந்த வாதத்தில் பேரரசாக இருந்த நினைவு பேசுகிறது. நம்மவருக்கு அப்படியொரு நினைவு இல்லை. அதே கேள்வியை அவர்கள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் நின்று கேட்டார்கள். அது எனக்குப் பெரிய பெருமை.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். கிள்ளான் கொந்தளித்தது. சிலாங்கூரில் அவசரநிலை, தமிழரை அடக்க அனுப்பப்பட்டவர்கள் இந்தியச் சிப்பாய்கள். ஐந்து தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடுகடத்தப்பட்டார். அப்போது பிரிட்டிஷ் உயர் ஆணையராக இருந்த ஷென்டன் தாமஸைச் சிங்கப்பூரின் வீழ்ச்சிக்காகக் குறை சொல்வார்கள். நான் அவரை மன்னிக்காதது கிள்ளானுக்காக.

1943இல் சுபாஷ் சந்திர போஸ் வந்ததும் தோட்டத்து ஆண்களும் பெண்களும் ஆயிரக்கணக்கில் அவர் பின்னால் போனார்கள். பேச்சில் மயங்கிவிட்டார்கள் என்று எழுதுவோரோடு நான் உடன்படவில்லை. துப்பாக்கிக்கு முன்னால் நிற்க அவர்கள் கிள்ளானிலேயே பழகியிருந்தார்கள். ஜான் திவியும் போஸின் ஆசாத் ஹிந்த் இயக்கத்தில் இருந்து வந்தவர்தான். அவர் கட்சி தொடங்கிய கதை அடுத்த வாரம்.