விழுப்புண்ணும் கொடி காத்த குமரனும்

1932ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் திருப்பூர் ஊர்வலத்தில் காவலரின் தடியடியால் தலையிற் காயமுற்று, மறுநாள் உயிர் நீத்தவர் குமரன். அக்காயத்தை ‘விழுப்புண்’ என எழுதிவிடுதல் எளிது. அது தமிழ் மரபிற்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முகத்தினும் மார்பினும் பட்டது விழுப்புண். முதுகிற் பட்டது புறப்புண். முன்னது புகழ், பின்னது பழி. விழுப்புண் படாத நாளெல்லாம் வீணாள் என்பது வள்ளுவர் கருத்து. போரில் மடியாத மன்னரைத் தருப்பையிற் கிடத்தி வாளாற் பிளந்து அடக்கிய வழக்கத்தைப் புறநானூற்று 93ஆம் பாட்டால் அறிகின்றோம்.

எனினும், இவ்வரையறை என்றும் நெகிழாதது அன்று. வெண்ணிப் போரில் எதிர்நின்ற வேந்தர் இருவரும் வடுவுடையவர். சோழன் கரிகாலன் காலில் நெருப்புற்றவன் எனப் பொருநராற்றுப்படையின் இறுதி வெண்பா கூறும். அவனிடம் தோற்ற சேரமான் பெருஞ்சேரலாதனோ, முன்னோக்கி எறிந்த படையால் புறப்புண் பட்டவன். புறங்காட்டி ஓடியவன் அல்லன். ஆயினும், அப்புண்ணிற்கு நாணி வடக்கிருந்தான். கழாத்தலையார் அதற்கு இரங்கினார். வெண்ணிக் குயத்தியாரோ, வென்றவனை நோக்கியே தோற்றவன் அவனினும் நல்லன் எனப் பாடினார் (புறம். 66). பழிக்குரிய வடு, அதனை ஏற்ற பண்பினாற் புகழாயிற்று. புண்பட்ட இடத்தினும் புண்பட்டவன் உளப்பாங்கே பெரிதெனக் கொண்ட புலமை இது.

இனிக் குமரனை நோக்குவோம். 1904இல் சென்னிமலையிற் பிறந்த அவர் படைக்கலம் ஏந்தியவர் அல்லர். எவரையும் தாக்கியவரும் அல்லர். விழுப்புண்ணோ பொருது பெறுவது. ஆதலின், அச்சொல்லின் பழம்பொருள் அவர்பால் முற்றும் பொருந்தாது. மக்கள் வழங்கிய அடைமொழியும் இதனை வலியுறுத்தும். அவர்கள் அவரைப் புண்பட்ட குமரன் என்றிலர். ‘கொடி காத்த குமரன்’ என்றனர். தலையின் காயத்தை விடுத்து, வீழ்ந்தபோதும் கொடியை விடாத கையையே அவர்கள் நினைவிற் கொண்டனர். 1920களில் கதர்த் தொழிலாற் சிறந்த ஊர் திருப்பூர். நூலையும் துணியையும் கையாண்டு வாழும் ஊரார் கையின் உறுதியைப் போற்றியது இயல்பேயாம்.

ஆகவே, குமரனது காயத்தை விழுப்புண் வரிசையிற் சேர்த்தல் அவர் பெருமையைக் குறைப்பதாகும். வெண்ணிக் குயத்தியார் கண்ட நெறியே, உடலின் வடுவைக் கடந்து உள்ளத்தின் உரத்தை அளக்கும் நெறியே, அவருக்கு ஏற்ற அளவுகோல் என்பது எம் துணிபு.