அம்மா போன ஊர்வலமும் நான் போன டவுனும்

நம்ம கூட்டமைப்பு மலருக்கு, மாவட்டத்துப் பெண்களின் வரலாறு பற்றி எழுதச் சொன்னார்கள். நான் பத்தாவதுதான் படித்தவள், எனக்கு என்ன வரலாறு தெரியும் என்று நழுவப் பார்த்தேன். எங்க குழு ஊக்குநர் அக்கா விடவில்லை. "சைக்கிளப் பத்தி எழுது, உங்க அம்மா சொன்னத எழுது" என்றார்கள். அதனால் எழுதுகிறேன்.

இப்போது ஸ்கூட்டியில் பறக்கிற பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிக்கும். முப்பது வருஷத்துக்கு முன்னால் நம்ம புதுக்கோட்டை மாவட்டக் கிராமங்களில் ஒரு பொம்பளை சைக்கிள் ஓட்டினால் தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்க்கும். 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் வந்தது. களை எடுத்துவிட்டு, கல் உடைத்துவிட்டு வந்த பெண்கள் ராத்திரி உட்கார்ந்து அ, ஆ எழுதினார்கள். சொல்லிக் கொடுத்தவர்களும் நம்மைப் போன்ற பெண்கள்தான், சம்பளம் கிடையாது. அவர்கள் ஊர் ஊராகப் போகணும், வகுப்பு முடிந்து திரும்பி வரணும். அந்த நேரத்துக்கு பஸ் ஏது? அண்ணன் கொண்டுவந்து விடணும், இல்லாவிட்டால் வீட்டுக்காரர் வரணும். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா, எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் கற்றுக் கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள். தொண்டர் பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள்.

அதற்குப் பிறகு பொட்டல், கண்மாய்க்கரை, பள்ளிக்கூட மைதானம் எல்லா இடத்திலும் பெண்கள் சைக்கிளோடு விழுந்து எழுந்தார்கள். லேடீஸ் சைக்கிள் கடையில் கிடைக்காமல் ஜென்ட்ஸ் சைக்கிளையே வாங்கியவர்கள் உண்டு. முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம், அது ஒரு வசதி. கேரியரில் தண்ணிக் குடத்தைக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமானதால், காய்கறி விற்கிறவர்கள் ஒரு ஊருக்கு இரண்டு ஊர் போய் விற்றார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதாக அதில் வருகிறது. அந்தக் கட்டுரையை வடக்கே எட்டாம் வகுப்பு ஹிந்திப் புத்தகத்தில் பாடமாக வைத்திருந்தார்கள். அங்கே உள்ள பிள்ளைகள் படித்தது, நம்ம பிள்ளைகளுக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு வருத்தம்.

1992 மகளிர் தினம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றைக்கு 1,500 பெண்களுக்கு மேல் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை டவுனுக்குள் போனார்கள். அதில் என் அம்மாவும் போனார்கள். எனக்கு ஒன்பது வயது. ஊர் எல்லை வரைக்கும் பின்னாலேயே ஓடியது ஞாபகம் இருக்கிறது. அம்மா திரும்பிப் பார்க்கவே இல்லை. பார்த்தால் விழுந்துவிடுவோம் என்று பயமாம், பிற்பாடு சொன்னார்கள்.

இந்தக் கதை இங்கே முடிகிறதாகத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி முடியவில்லை. ஊர்வலத்தன்று முன்னும் பின்னும் பெண்கள், பஸ்களே ஒதுங்கி நின்றன. அதற்கு அடுத்த மாதம் அம்மா தனியாக டவுனுக்குப் போனபோது பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் பஸ்காரர் ஹாரன் அடித்ததில் தடுமாறி விழுந்தார்கள். முழங்கையில் அடி. அதோடு சரி. தண்ணிக்கும் வயலுக்கும் சைக்கிளில் போவார்கள், டவுன் என்றால் பஸ்தான். நான் வயசுக்கு வந்தபோது சடங்குச் செலவுக்கு அந்தச் சைக்கிளையும் விற்றாச்சு. நான் அப்பா சைக்கிளில் குரங்கு பெடல் போட்டுக் கற்றதோடு நின்றுவிட்டது. 1999-ல் பத்தாவது முடித்தேன். ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் சைக்கிள் கொடுக்கும் திட்டம் அப்போது வரவில்லை. வந்திருந்தாலும் நான் ப்ளஸ் ஒன் போகவில்லையே! அத்தை மகனைக் கட்டிக்கொண்டு அதே ஊரிலேயே இருந்துவிட்டேன்.

குழுவில் என்னைப் பொருளாளர் ஆக்கியபோதுதான் கஷ்டம் தெரிந்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டில். வங்கி வேலைக்கு டவுனுக்குப் போக ஆறு கிலோமீட்டர். ஒரு தடவை கடன் பேப்பரில் ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு என்று போன் வந்தது. மத்தியானம் இரண்டு மணிக்குள் கொண்டுவரணும். பதினொன்றே முக்கால் பஸ் வரவில்லை. அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. எங்கள் கடன் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அதை நம்பிக் கறவை மாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்த ஒரு அக்காவுக்கு மாடும் போச்சு, அட்வான்ஸும் போச்சு. அவர்கள் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. வீட்டு வாசலில் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த சைக்கிள் நின்றது. எனக்கு முப்பத்தைந்து வயது.

ஊருக்குள் ஓட்ட ஒரு வாரத்தில் வந்துவிட்டது. டவுன்தான் பயம். திருக்கோகர்ணம் வரைக்கும் போவேன், அதற்கு மேல் கை வேர்க்கும், இறங்கித் திரும்பிவிடுவேன். மூன்று தடவை அப்படித் திரும்பி வந்தேன். அம்மாவிடம் போய்ச் சொன்னேன். "நான் நேரா சந்தைக் கூட்டத்துக்குள்ள போயி விழுந்தேன். நீ ஆளில்லாத நேரமாப் பாத்துப் போ தாயி" என்றார்கள்.

அந்த ஒரு பேச்சுதான் எனக்கு வழி காட்டியது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குக் குழுப் பிரதிநிதி அக்கா முன்னால் போக, நான் பின்னால் போனேன். கீழ ராஜ வீதியில் ஒரு கடை திறக்கவில்லை, பால் வண்டியும் பேப்பர் போடுகிற பையனும்தான். புதுக்கோட்டை வீதிகள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், அதனால் எதிரே வருவது தூரத்திலேயே தெரியும். நாலு ராஜ வீதியையும் இரண்டு சுற்று சுற்றிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தோம். அடுத்த வாரம் ஏழு மணி. அதற்கு அடுத்து எட்டு மணி. ஒரு மாதம் கழித்து சனிக்கிழமை பத்து மணிக்குப் போனேன். கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினதால் பயம் ஒரேயடியாக வந்து அமுக்கவில்லை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ரோட்டு ஓரத்தை ஒட்டிப் போனால் பத்திரம் என்று நினைத்தேன், அது தப்பு. ஓரத்தில் மண் கிடக்கும், தார் முடிகிற இடம் பள்ளமாக இருக்கும், சக்கரம் இறங்கினால் விழ வேண்டியதுதான். விளிம்பிலிருந்து இரண்டு முழம் உள்ளே தள்ளி நேராகப் போனால், பின்னால் வருகிறவர் பார்த்து விலகிப் போகிறார். நாம் வளைந்து வளைந்து போனால்தான் அவருக்கும் குழப்பம். நிற்கிற காரை ஒட்டிப் போகக் கூடாது, எப்போது கதவைத் திறப்பார்கள் என்று தெரியாது. ஆட்டோவுக்குப் பின்னால் இடைவெளி விட்டுப் போகணும், ஆள் கை காட்டினால் அந்த இடத்திலேயே நிற்கும். ஹாரன் அடித்தால் ஹேண்டில்பாரைத் திருப்பக் கூடாது. இதற்கு எனக்கு ரொம்ப நாள் ஆனது. 'அவர் என்னைப் பார்த்துவிட்டார், அதனால்தான் அடிக்கிறார்' என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். சீட்டை இறக்கி, கால் தரையில் ஊன்றுகிற மாதிரி வைத்ததில் பாதிப் பயம் போச்சு. முந்தானையைச் செருகாமல் ஏறவே கூடாது.

வலது பக்கம் திரும்புவது இன்றைக்கும் சிரமம்தான். பிருந்தாவனம் முக்கில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் தாண்டுவேன். முதலில் வெட்கமாக இருந்தது. அதே இடத்தில் ஒருநாள் ஓட்டிக்கொண்டே திரும்பப் பார்த்து விழுந்தேன். பைக்கில் வந்த ஒரு தம்பி, "வீட்ல கெடக்காம எதுக்கும்மா இதெல்லாம்" என்று கத்திவிட்டுப் போனான். பூ விற்கிற அம்மாதான் தூக்கிவிட்டு, சிதறிக் கிடந்த பாஸ் புத்தகங்களைப் பொறுக்கிக் கொடுத்தார்கள். அன்றைக்கு வங்கி வேலையை முடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

கஜா புயலுக்கு அப்புறம் மரம் விழுந்து பஸ் ஓடாத நாட்களில், மெழுகுவர்த்தியும் பாலும் மாத்திரையும் தெருவுக்கே நான்தான் வாங்கி வந்தேன். அந்த நேரத்தில் மாட்டு அட்வான்ஸ் போன அக்கா, "எனக்கும் கத்துக் குடு" என்று கேட்டார்கள். இப்போது அவர்கள் திருக்கோகர்ணம் வரை வருகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு ஊர் மந்தையிலிருந்து கிளம்புகிறோம். பக்கத்து ஊர் குழுக்களில் யாருக்காவது ஆசை இருந்தால் வரலாம். சைக்கிள் நீங்கள்தான் கொண்டுவரணும், என் மகளுடையது ஒன்றுதான் இருக்கிறது, அதற்கும் இப்போது பின் பிரேக் கட்டை மாற்றணும்.