சொல்லும் உம்மையும் கற்பித்த சமணச் சான்றோர்

குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊராகிய மணவாளக்குறிச்சி இன்று கனிம மணலால் பெயர்பெற்றது. இல்மனைட்டும் மோனசைட்டும் அம்மணலிலிருந்து பிரித்தெடுக்கப்படுகின்றன. பழைய நாளில் மணலுக்கு வேறொரு பயனும் இருந்தது. திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலெழுத்தை விரலால் எழுதிப் பழகியது மணலின்மேல்தான். எழுத்துப் படிந்தபின் சொல். சொல் சேர்ந்தபின் சொற்களை இணைக்கும் இலக்கணம். இவ்விரண்டு படிகளிலும் தமிழகத்துத் திண்ணைகளுக்குத் துணைநின்ற நூல்களுள் தலையானவை மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டும் பவணந்தி முனிவரின் நன்னூலும் ஆகும். இருவரும் சமணர்.

குமரி நாட்டுக்குச் சமணக் கல்வி புதிதன்று. மணவாளக்குறிச்சிக்கு வடமேற்கே சிதறால் குன்று உள்ளது. அதன் பழம்பெயர் திருச்சாரணத்துமலை. ஆய் வேந்தன் விக்கிரமாதித்திய வரகுணனின் 28ஆம் ஆட்சியாண்டில், அரட்டநேமி படாரரின் மாணாக்கியாகிய குணந்தாங்கிக் குரத்திகள் அம்மலைப் பகவதியார்க்குப் பொன்னணி அளித்ததை அங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுக் கூறுகின்றது. குரத்தி என்பது குரவர் என்னும் சொல்லுக்குப் பெண்பால். ஆசிரியை என்பது பொருள். ஒன்பதாம் நூற்றாண்டில் ஒரு பெண் மாணாக்கியாகவும் ஆசிரியையாகவும் கல்லில் இடம்பெற்ற செய்தி இது.

அவ்வட்டெழுத்துக்கே திருவிதாங்கூர்ப் பகுதியில் ‘நானமோனம்’ என்றொரு பெயர் வழங்கியது. ‘நமோஸ்து’ என்று வணங்கி, அதன் எழுத்துகளைக் கூட்டிப் பிள்ளைகள் பாடம் தொடங்கியதால் வந்த பெயர் அது. அதனைச் சமண வணக்கத்தின் எச்சம் என்று கருதுவோர் உளர். துறவியர் உறைவிடமாகிய ‘பள்ளி’, பிள்ளைகள் கற்கும் இடத்துக்குப் பெயரானதையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டளவில் திருச்சாரணத்துமலை பகவதி கோயிலாயிற்று. நாகர்கோவில் நாகராசா கோயில் தூண்களில் மகாவீரரும் பார்சுவநாதரும் இன்றும் காட்சி தருகின்றனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குணவீர பண்டிதர், கமலவாகன பண்டிதர் என்னும் சமணர் அங்கிருந்ததைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. (நேமிநாதம் என்னும் சிறிய இலக்கணத்தைச் செய்தவர் பெயரும் குணவீர பண்டிதரே. அவர் சில நூற்றாண்டுகள் முந்தியவர்.) அதன்பின் அப்பகுதியில் சமணர் சுவடு மங்கியது. குடிகள் மறைந்தன; நூல்கள் மறையவில்லை.

சூடாமணி நிகண்டு அந்தப் பதினாறாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. முன்னைய திவாகரம் நூற்பாவால் ஆனது. மண்டலபுருடர் விருத்தத்தைத் தேர்ந்தார். பாடத்தக்க ஓசை இருந்தால்தான் பிள்ளை நெஞ்சில் சொல் தங்கும் என்பதை அவர் அறிந்திருந்தார் போலும். நூல் பன்னிரண்டு தொகுதிகள் கொண்டது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் எனப் பொருள்வகையாகச் சொற்கள் கூட்டப்பட்டுள்ளன. கடல் என்று ஆசிரியர் சொன்னால் ஆழி, பரவை, புணரி, பௌவம், முந்நீர் என்று பிள்ளை அடுக்க வேண்டும். பதினோராம் தொகுதி இதன் மறுதலை. ஆழி என்னும் ஒரு சொல் கடலையும் சக்கரத்தையும் மோதிரத்தையும் குறிக்கும் என்பன போன்றவை அங்கே கிடைக்கும்; அவை எதுகை முறையில் நிரல்பட்டிருப்பதால், ஒன்றை நினைத்தவுடன் அடுத்தது நாவில் வரும். பொருள் அறியாமல் மனப்பாடம் செய்வித்தனர் என்னும் குறை திண்ணைப் பள்ளிமேல் உண்டு. அக்குறையில் உண்மையில்லாமல் இல்லை. ஆயினும் அவ்வாறு நெஞ்சில் சேர்ந்த சொல், பின்னாளில் இலக்கியம் பயிலும்போது பொருளோடு விழித்துக்கொண்டது. சைவராகிய ஆறுமுக நாவலர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிகண்டைப் பதிப்பித்ததும், நன்னூலுக்குக் காண்டிகையுரை செய்ததும் சமய எல்லை கடந்த மதிப்புக்குச் சான்று. அருகன் பெயர்களையும் ஓதியே எல்லாச் சமயப் பிள்ளைகளும் சொல் கற்றனர்.

சொல்லை இணைப்பது இடைச்சொல். பவணந்தியார் நன்னூலின் இடையியலில் உம்மைக்கு எட்டுப் பொருள் காட்டுகின்றார்: எதிர்மறை, சிறப்பு, ஐயம், எச்சம், முற்று, எண், தெரிநிலை, ஆக்கம். தொல்காப்பியர் கண்டவையே எனினும், மாணாக்கர்க்கு எளிதில் அடங்குமாறு சுருக்கியது பவணந்தியார் திறம். கடற்கரைப் பிள்ளைக்கு இதை விளக்குவது கடினமன்று. ‘கட்டுமரமும் வள்ளமும் கரையில் உள்ளன’ என்றால் எண்ணும்மை. ‘நான்கு வள்ளமும் கரை சேர்ந்தன’ என்றால் முற்றும்மை; ஒன்றும் கடலில் எஞ்சவில்லை. ‘தம்பியும் வந்தான்’ என்றால் அவனுக்குமுன் யாரோ வந்துவிட்டனர், அது எச்சவும்மை. ‘நீந்தத் தெரிந்தவரும் அஞ்சும் அலை’ என்றால் உயர்வு சிறப்பு. இரண்டே எழுத்தளவான ‘உம்’ கேட்பவர் உள்ளத்தில் எத்தனை வேலை செய்கின்றது! இலக்கணப் பெயரைச் சொல்லாமலே, ‘வேறு யார் வந்தார்?’ என்று கேட்டால் எட்டு வயதுப் பிள்ளையும் விடை சொல்லும்.

இன்றைய தொடக்கப்பள்ளிப் பயிற்சி ஏடுகளில் வேறொரு வழக்கம் புகுந்துள்ளது. ‘அண்ணன் மற்றும் தங்கை’, ‘அரிசி மற்றும் பருப்பு’ என்று பிள்ளைகள் எழுதுகின்றனர். ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்ததால் வந்த கேடு இது. மற்று என்னும் இடைச்சொல்லுக்கு நன்னூல் மூன்று பொருளே கூறும்: வினைமாற்று, அசைநிலை, பிறிது. இரண்டு பெயர்களை எண்ணிக் கோக்கும் பணி அதற்கு இல்லை. ‘மற்றொரு நாள்’ என்பதில் வருவது பிறிது என்னும் பொருள். வீட்டில் எந்தப் பாட்டியும் ‘அரிசி மற்றும் பருப்பு வாங்கி வா’ என்று சொல்வதில்லை. ‘அரிசியும் பருப்பும்’ என்றுதான் சொல்கின்றார். பேச்சில் பிழையின்றி இருப்பது எழுதும்போது பிழையாவதற்குப் பிள்ளை பொறுப்பன்று.

திருவண்ணாமலை, விழுப்புரம் மாவட்டங்களிலிருந்து விடுமுறையில் சிதறால் மலைக்கு வரும் சமணக் குடும்பங்கள் பல. பாறைமேல் வரிசையாக அமர்ந்த தீர்த்தங்கரர்களைக் கண்டு இறங்குமுன், குரத்தியின் கல்வெட்டையும் பிள்ளைகளுக்குக் காட்டலாம். ஊர் திரும்பியபின் ‘தாத்தாவும் பாட்டியும் தங்கையும் மலையேறினார்கள்’ என்று ஒரு தொடர் எழுதச் சொல்லலாம். மூன்று உம்மையும் சரியாக விழுந்தால் அது பவணந்தியார் பாடம்.