வீட்டு ஏக்கம் (வெளிநாட்டு மாணவர்)

வீட்டு ஏக்கம் என்பது வீட்டையும் சொந்த ஊரையும் பிரிந்து வாழ்பவருக்கு, அவற்றைப் பற்றிய நினைவு இடைவிடாது எழுவதால் உண்டாகும் மனத்துயர் ஆகும். பேச்சு வழக்கில் இது வீட்டு நினைப்பு, ஊர் நினைப்பு எனப்படும். பல்கலைக்கழகத்தில் புதிதாகச் சேரும் மாணவர் பலருக்கும் இது ஏற்படுகிறது. வெளிநாட்டில் பயில்வோருக்கு மொழி, உணவு, தட்பவெப்பம் ஆகிய அனைத்தும் ஒருசேர மாறுவதால் இது கடுமையாகலாம். பெரும்பாலோருக்குக் காலப்போக்கில் தணிந்துவிடும் எனினும், கவனிக்கப்படாதபோது படிப்பையும் உடல்நலத்தையும் பாதிக்கக்கூடும்.

வரலாறு

கல்விக்காகப் பிரிதல் தமிழ் இலக்கண மரபில் தொன்மையான கருத்து ஆகும். தொல்காப்பியப் பொருளதிகாரம் தலைவன் பிரிவதற்கான காரணங்களுள் ஒன்றாக ஓதலைக் குறிப்பிடுகிறது. அப்பிரிவு மூன்று ஆண்டுகளைக் கடத்தலாகாது எனவும் வரையறுக்கிறது.

மருத்துவ நோக்கில் இத்துயரை முதன்முதலில் விரிவாக ஆராய்ந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த யோகான்னசு ஓபர் ஆவார். பாசெல் பல்கலைக்கழகத்தில் 1688 ஆம் ஆண்டு அவர் அளித்த ஆய்வுரையில், 'வீடு திரும்புதல்', 'வலி' என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து 'நாசுடால்சியா' என்ற பெயரை உருவாக்கினார். பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்து நோயுற்ற ஒரு மாணவன், ஊருக்கு அனுப்பப்பட்டதும் நலமடைந்ததை அவர் எடுத்துக்காட்டாகக் கூறினார்.

அறிகுறிகள்

தூக்கமின்மை, பசியின்மை, அழுகை, தனித்திருத்தல், பாடத்தில் கவனம் செலுத்த இயலாமை ஆகியன பொதுவான அறிகுறிகள். பிரித்தானிய மாணவர்களை ஆராய்ந்து சர்லி பிசர், புரூசு ஊட் ஆகியோர் 1987 இல் வெளியிட்ட ஆய்வில், வீட்டு ஏக்கம் உடையோரிடம் மனக்கலக்கமும் கவனமறதியும் மிகுந்திருந்தது கண்டறியப்பட்டது.

அமெரிக்கா சென்ற நார்வே நாட்டு உதவித்தொகையாளர்களை ஆராய்ந்த சுவெர்ரெ லிசுகார்டு 1955 இல் வேறொரு முடிவை வெளியிட்டார். ஆறு மாதத்துக்குக் குறைவாகவோ பதினெட்டு மாதத்துக்கு மேலாகவோ தங்கியவர்களைவிட, இடைப்பட்ட காலம் தங்கியவர்களே புதிய சூழலுக்குக் குறைவாக இணங்கியிருந்தனர். எனவே முதல் வார வரவேற்பு நிகழ்ச்சிகள் மட்டும் போதுமானவை எனக் கருத இயலாது.

இராமானுசன்

கணித மேதை சீனிவாச இராமானுசன் 1914 ஏப்ரலில் இங்கிலாந்தை அடைந்து, கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் சேர்ந்தார். மரக்கறி உணவையே உண்ட அவர் தம் அறையில் தாமே சமைத்தார். அவ்வாண்டு தொடங்கிய முதல் உலகப்போர் பொருட்தட்டுப்பாட்டை உண்டாக்கியது. மனைவி ஜானகியின் கடிதங்களை இராமானுசனின் தாய் தடுத்துவிட்டதாக வாழ்க்கை வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1917 இல் நோயுற்ற அவர், 1918 தொடக்கத்தில் இலண்டன் சுரங்கத் தொடருந்துப் பாதையில் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். 1919 இல் நாடு திரும்பி, 1920 ஏப்ரல் 26 அன்று காலமானார். அவருடைய துயருக்கு நோய், போர், தனிமை எனப் பல காரணங்கள் இருந்தன.

அங்கு உடன் பயின்ற பி. சி. மகாலனோபிசு பதிவுசெய்த நிகழ்ச்சி ஒன்று குறிப்பிடத்தக்கது. குளிர் தாங்காத இராமானுசன், மெத்தையின் அடியில் செருகப்பட்டிருந்த போர்வைகளின் மேலேயே மேலங்கியும் சால்வையும் போர்த்துப் படுத்துவந்தார். போர்வைகளை விலக்கி உள்ளே புகுந்து உறங்கவேண்டும் என்பதை மகாலனோபிசு செய்துகாட்டினார். உள்ளூரார் சொல்லத் தேவையில்லை எனக் கருதும் சிறு செய்திகளும் வெளிநாட்டு மாணவருக்குத் தேவைப்படும் என்பதை இது உணர்த்துகிறது.

உதவும் வழிகள்

* அன்றாட நடைமுறைகளை நேரில் செய்துகாட்டுதல்.
* சொந்த உணவைச் சமைக்க இடமும் பொருளும் கிடைக்கச் செய்தல்.
* வீட்டாருடன் பேசக் குறித்த நேரம் ஒதுக்குதல்; நாள் முழுதும் தொடர்பிலேயே இருப்பது புதிய நட்புகளுக்குத் தடையாகலாம்.
* விடுமுறை, பண்டிகை நாட்களில் மாணவர் தனித்திருக்காமல் பார்த்துக்கொள்ளுதல்.
* துயர் நீடித்தால் உளவள ஆலோசகரை அணுகச் செய்தல். உயிரை மாய்க்கும் எண்ணம் தோன்றினால் உடனடி மருத்துவ உதவி தேவை.

காயல்பட்டினம்

தூத்துக்குடி மாவட்டத்தின் முத்துக்குளிப்புக் கடற்கரையில் உள்ள காயல்பட்டினத்தினர், தலைமுறைகளாக இலங்கைக்கும் பின்னர் ஆங்காங், வளைகுடா நாடுகளுக்கும் வணிகத்துக்காகவும் வேலைக்காகவும் சென்று வாழ்ந்துள்ளனர். சென்ற இடங்களில் காயல் நல மன்றம் போன்ற ஊர் அமைப்புகளை நிறுவியுள்ளனர். இவை மாணவர்களுக்கென்றே தோன்றியவை அல்ல. எனினும் ஊர்ப்பேச்சும் களரிக் கறி போன்ற ஊர் உணவும் கிடைக்கும் ஒன்றுகூடல்கள், புதிதாக வருபவருக்குப் பிரிவின் துயரைக் குறைக்கவல்லவை.

இத்தகைய உறவின் பயனும் எல்லையும் ஆய்வுகளில் பேசப்பட்டுள்ளன. அவாய் பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர்களைப் பற்றி இசுடீபன் போக்னரும் பிறரும் 1977 இல் வெளியிட்ட ஆய்வு, மாணவரின் நட்பை மூன்றாகப் பிரிக்கிறது. சொந்த நாட்டினர் தாய்ப்பண்பாட்டைப் பேண உதவுகின்றனர். உள்ளூரார் கல்வி சார்ந்தும் அலுவல் சார்ந்தும் வழிகாட்டுகின்றனர். பிற நாட்டு மாணவர் பொழுதுபோக்கில் துணையாகின்றனர். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஊராரிடம் ஆறுதல் பெறும் மாணவருக்கு, போர்வையை விலக்கிக் காட்டும் உள்ளூர் அனுபவமுடையவரின் துணையும் வேண்டும்.