கோப்பிக் கடையிலிருந்து வந்த விளையாட்டு மேசை

1978இல் யப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட, தொமோஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ அந்நாட்டுக் கோப்பிக் கடை மேசைகளையே விளையாட்டுப் பொறிகளாக்கியது. கண்ணாடியின் கீழே திரை, எதிரெதிரே இருவர். இரண்டாமவரின் முறை வருங்கால் படமும் அவர்பக்கந் திரும்பும். தொடக்கத்தில் திரை கறுப்பு வெள்ளையே. வண்ணமோ பின்னர் அதன்மேல் ஒட்டிய நிறத்தாள்களின் உபயம்!

அத்தகைய மேசையை இன்று வீட்டிற் புதுப்பிப்போருக்குத் தச்சுவேலை பெரிதன்று. மட்டக்களப்பு வாவிக்கரை போன்ற இடங்களில் உவர்க்காற்று சுற்றுப்பலகையின் செப்புத் தடங்களை அரிக்கும். அதனையும் துப்புரவாக்கலாம், உலர்ந்த கொள்ளளவிகளை மாற்றலாம். கதோட்டுக் கதிர்க் குழாய் பழுதுறின்? தட்டைத்திரை பொருத்தினால் ஆட்டம் ஓடும்; ஆனால், 1978ஆம் ஆண்டினர் கண்ட படம் அதுவன்று. மங்கலாயினும் மூலக்குழாயைக் காத்தலே வரலாற்றுக்கு நேர்மையாகும். கழற்றிய பாகங்களையும் எறியாது பெட்டியினுள்ளேயே கட்டிவைத்தல் வேண்டும். அடுத்துத் திறப்பவருக்கு அவையே சான்று.