சாரதியும் மறுபரீட்சையும்

இலங்கையில் சாரதிகளைக் கட்டுப்படுத்தும் அடிப்படைச் சட்டம் 1951இல் வந்தது. பழைய அனுமதிப்பத்திரத்துக்குக் காலாவதித் திகதி கிடையாது. இருபது வயதில் சித்தியடைந்தவர் எழுபதிலும் அதையே காட்டி ஓட்ட முடிந்தது. உதாரணமாக, உச்சமுனைத் தீவிலிருந்து படகேறிக் கற்பிட்டிக்கு வந்து, பாலாவி வழியாகப் புத்தளம் செல்லும் பயணியின் உயிரும் அத்தகைய சாரதிகளின் கையில்தான் இருந்தது. 2009க்குப் பின் வந்த புதிய அட்டை இலகுரக வாகனங்களுக்கு 8 ஆண்டுகளும் கனரக வாகனங்களுக்கு 4 ஆண்டுகளும் செல்லுபடியாகும். புதுப்பிக்க வைத்தியச் சான்றிதழ் வேண்டும்: தொலைவில் தொங்கும் பலகையின் எழுத்துகளை ஒரு கண்ணை மூடி வாசித்துக் காட்ட வேண்டும். இது நல்ல திருத்தமே. ஆனால் எழுத்துப் பரீட்சையும் செய்முறைப் பரீட்சையும் மீண்டும் நடத்தப்படுவதில்லை. பார்வையைச் சோதிக்கும் சட்டம், ஓட்டும் பழக்கத்தைச் சோதிக்காமல் விட்டது பெருங்குறை.